நர்ஸ் பணியிலிருந்து எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு: பிள்ளை வளர்ப்பவர்களுக்கான வழி

நர்சிங் முடித்தவர்களுக்கென்று எம்.பி.பி.எஸ்.ஸில் குறுக்கு வழி எதுவும் இந்தியாவில் இல்லை. டிப்ளமா முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறாரே, அந்த மாதிரி ஏற்பாடு இங்கே கிடையாது. ஜி.என்.எம். ஆனாலும் பி.எஸ்சி. ஆனாலும், ஐ.சி.யூ.வில் பத்து வருஷம் வேலை பார்த்திருந்தாலும், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீட் எழுதி, முதலாண்டு அனாட்டமியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்பு படித்ததற்காக ஒரு மாதம்கூடக் கழித்துக்கொடுக்க மாட்டார்கள்.

வயது தடை இல்லை. 2017ல் பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று ஓர் உச்ச வரம்பு வந்தது, வழக்குகள் நடந்தன, 2021 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வரம்பை நீக்க முடிவெடுத்தது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். ஒடிசாவில் 64 வயது ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 2020ல் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார்.

ஆக, சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. தடுக்கக்கூடியவை நான்கு: சான்றிதழ்கள், வீடு, பணம், பிளஸ் டூ பாடம். இந்த வரிசையிலேயே பாருங்கள். வேலையை விட்டுவிட்டுக் கோச்சிங்கில் சேர்ந்த பிறகு, விண்ணப்பம் போடும்போதுதான் பிளஸ் டூவில் இயற்பியல் எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த நிலைக்கு வராமல் இருக்கத்தான் இந்த அத்தியாயம்.

படி 1: பெட்டியிலிருந்து சான்றிதழ்களை எடுங்கள்

1. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் வேண்டும். பழைய பாடத்திட்டத்தில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்திருந்தால் அது உயிரியலாகவே கணக்கு. மூன்று அறிவியல் பாடங்களையும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கு 40 சதவீதம் தேவை.

2. தொழிற்பிரிவில் ‘நர்சிங்’ எடுத்துப் படித்தவர்களும், கலைப்பிரிவில் படித்து ஜி.என்.எம். போனவர்களும் இங்கே சிக்குவார்கள். இவர்களுக்கும் வழி இருக்கிறது. விடுபட்ட பாடங்களைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஏற்கெனவே பிளஸ் டூ தேறியவர்கள் வேண்டிய பாடங்களுக்கு மட்டும் பதிவு செய்யலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. இதற்கு ஒரு வருஷத்தைத் தனியாக ஒதுக்குங்கள். நீட் படிப்போடு சேர்த்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

3. பெயரையும் இனிஷியலையும் ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் பெயர், நர்சிங் கவுன்சில் பதிவில் வேறொன்று. திருமணமான பெண்கள் பலருக்கு இதுதான் நிலைமை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரைத் திருத்துவதுதான் சுலபம். விண்ணப்பம் திறப்பதற்கு மூன்று மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

4. சாதிச் சான்றிதழ் பிறந்த வீட்டின்படிதான். கணவரின் சாதியைக் காட்டி வாங்கியது செல்லாது.

5. அசல் சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்கின்றனவா? தனியார் மருத்துவமனைகள் சில, வேலைக்குச் சேரும்போது அசலை வாங்கி வைத்துக்கொள்கின்றன. கலந்தாய்வுக்கு அசல்தான் வேண்டும். இன்றே எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள்.

6. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியானால் தமிழ்நாட்டின் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உங்கள் கணக்கையே மாற்றிவிடக்கூடும். 2020ல் வந்த சட்டம் இது. போட்டி அந்தப் பிரிவுக்குள் மட்டும். கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்தந்த ஆண்டுக் கையேட்டில் நிபந்தனைகளைப் படியுங்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்க வேண்டியிருக்கும். பள்ளி ஊர்விட்டு ஊர் இருந்தால் அலைச்சல்தான். அதனால் இதை முதலிலேயே தொடங்குங்கள்.

படி 2: வருஷக் கணக்கைக் காலண்டரில் எழுதுங்கள்

எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு, அதற்கு முன் நீட் படிப்பு குறைந்தது ஓராண்டு. மொத்தம் ஆறரை. உங்களுக்கு 32, மகளுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் தடையில்லாமல் நடந்தால் நீங்கள் எம்.பி.பி.எஸ். முடிக்கும்போது உங்களுக்கு 38 தாண்டியிருக்கும், மகள் ஆறாம் வகுப்பில் இருப்பாள். எம்.டி. என்றால் இன்னும் மூன்றாண்டு, அதற்கும் ஒரு நுழைவுத்தேர்வு.

காலண்டரில் இரண்டு கோடுகள் போடுங்கள். ஒன்றில் உங்கள் ஆண்டுகள், அதன் கீழே பிள்ளையின் வகுப்புகள். பிள்ளையின் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் உங்களுடைய முதலாண்டோடோ கடைசி ஆண்டோடோ மோதினால், ஓராண்டு முன்பின் நகர்த்த முடியுமா என்று யோசிக்க வேண்டும். கைக்குழந்தை இருக்கும்போது நீட் படிப்பது கஷ்டம் என்றாலும் முடியும். முதலாண்டு எம்.பி.பி.எஸ். படிப்பது அதைவிடக் கஷ்டம்.

காரணம் இரண்டு விதிகள். முதலாண்டுத் தேர்வை நான்கு முறைக்குள் தேற வேண்டும். ஐந்தாவது வாய்ப்பு கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். இவற்றோடு தியரி வகுப்புக்கு 75 சதவீதமும் செய்முறைக்கு 80 சதவீதமும் வருகை வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாரக்கணக்கில் வீட்டில் இருக்க இதில் இடமில்லை. இரண்டாவது குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் அதையும் இந்தக் காலண்டரில் வையுங்கள். கணவன் மனைவி இருவரும் கூச்சப்படாமல் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

படி 3: வீட்டில் பொதுவாகக் கேட்காதீர்கள், மணிக்கணக்காகக் கேளுங்கள்

“அத்தை, நான் படிக்கப் போறேன், பிள்ளையைப் பாத்துக்குவீங்கதானே?” என்று கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். மூன்றாவது மாதம் மனஸ்தாபம் வரும். மாறாக இப்படிக் கேளுங்கள்: “அத்தை, காலைல ஏழரைக்குப் பள்ளிக்கூட வேன்ல ஏத்தணும். நாலு மணிக்கு வந்தா சாப்பாடு போடணும், வீட்டுப்பாடம் பாக்கணும். நான் வர ஆறு மணி ஆகும். வாரத்துல ஆறு நாள், அஞ்சு வருஷம். உங்களால எவ்வளவு முடியும்?”

“ரெண்டு வருஷம் முடியும்மா, அப்புறம் முழங்கால் என்ன சொல்லுதோ” என்று பதில் வந்தால், அது நல்ல பதில். மூன்றாம் ஆண்டுக்கு வேறு ஏற்பாடு தேட உங்களுக்கு இரண்டாண்டு அவகாசம் கிடைத்துவிட்டது.

எழுதிவைக்க வேண்டியவை:

- தினசரி பார்த்துக்கொள்பவர் யார், அவருக்கு முடியாதபோது யார், இருவருக்கும் முடியாதபோது யார். மூன்று பெயர்கள் இல்லாமல் தொடங்காதீர்கள்.
- பயிற்சி மருத்துவர் ஆண்டில் இரவுப் பணி வரும். நர்ஸாக நைட் டியூட்டி பார்த்த வீட்டுக்கு இது புதிதில்லை. ஆனால் டியூட்டியை இன்னொரு சிஸ்டரோடு மாற்றிக்கொண்ட வசதியை இங்கே எதிர்பார்க்க முடியாது.
- கணவர் எந்தெந்த வேலைகளை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்வார் என்பதைப் பட்டியலாக எழுதுங்கள். ‘உதவி செய்வேன்’ என்பது பட்டியலில் சேராது.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தப் படிதான் முடிவையே தீர்மானிக்கும். பெற்றோரோ கூடப்பிறந்தவரோ இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் கல்லூரி கிடைக்காவிட்டால் தொடங்காதீர்கள் என்பது என் கருத்து. கடுமையாகத் தோன்றலாம், ஆனால் பாதியில் விடுவதைவிட அது மேல்.

படி 4: பணம்

சம்பளம் இல்லாத மாதங்களை எண்ணுங்கள். நீட் படிப்புக்கு வேலையை விட்டால் 12 மாதம், எம்.பி.பி.எஸ். 54 மாதம், மொத்தம் 66. உங்கள் வருமானம் இல்லாமல் வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய் குறையும் என்றால், 16.5 லட்சம் ரூபாய் வேண்டும். கல்லூரிக் கட்டணம் இதில் சேரவில்லை. கடைசி ஓராண்டுக்கு உதவித்தொகை வரும். அதை நம்பி முன்கூட்டியே செலவு செய்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் ஆண்டுக் கல்விக் கட்டணம் ஆயிரக்கணக்கில்தான்; நடுத்தரக் குடும்பம் சமாளித்துவிடும். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு நாலு லட்சத்தைத் தாண்டும். நிர்வாக ஒதுக்கீடு அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பிள்ளை உள்ளவர்கள் நிர்வாக ஒதுக்கீட்டை யோசிக்கவே வேண்டாம். வீட்டை அடகு வைத்து வாங்கும் கல்விக்கடன், நீங்கள் மருத்துவராகிற நேரத்தில் பிள்ளையின் கல்லூரிச் செலவோடு வந்து மோதும்.

கல்விக்கடன் வாங்குவதாக இருந்தால், பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் சொத்துப் பிணை கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் ராஜினாமா கடிதத்தில் கைவைக்கும் முன், விடுப்பில் செல்ல அனுமதி உண்டா, திரும்பி வந்தால் பணிமூப்பு என்னாகும் என்று மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வராந்தாவில் நின்றுகொண்டு “பாத்துக்கலாம் சிஸ்டர்” என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வேலையை விடக்கூடாது.

படி 5: வேலையை விடும் முன் ஒரு சோதனை

பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை எடுங்கள். வேலையில் இருந்துகொண்டே ஆறு வாரம், தினமும் ஒன்றரை மணி நேரம், முதல் நான்கு பாடங்கள். கணக்குகள் உட்பட. கடைசியில் பழைய நீட் வினாத்தாள்களிலிருந்து அந்தப் பாடங்களின் கேள்விகளை மட்டும் பொறுக்கி எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் சரியாக வந்தால் தொடருங்கள். வராவிட்டால் இன்னும் ஆறு வாரம். அதன் பிறகும் வராவிட்டால் கோச்சிங் கட்டணம் கட்டுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

எதற்கு இயற்பியல்? நர்ஸ்கள் பொதுவாக ஏமாறும் இடம் இது. “பயாலஜிதான் நமக்குத் தண்ணிபட்ட பாடாச்சே” என்பார்கள். நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். அதில் உயிரியல் 90 கேள்விகள் என்பது உண்மைதான். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி தாவரவியல். நீங்கள் வார்டில் பார்த்த இதயமும் சிறுநீரகமும் மிச்சப் பாதியில் ஒரு பகுதிதான். ஒளிச்சேர்க்கையும் பூக்களின் வகைப்பாடும் கேட்கும்போது ஐ.சி.யூ. அனுபவம் கைகொடுக்காது. இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். மூன்று மணி நேரம்.

தகுதி மதிப்பெண்ணையும் இட மதிப்பெண்ணையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2025ல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கப் பல பிரிவுகளில் அதைப்போல மூன்று மடங்கு தேவைப்பட்டது. ‘நீட் பாஸ்’ என்பது ஒரு தொடக்கம்தான்.

படி 6: டியூட்டியோடு படிப்பது

1. ஷிஃப்டுக்கு ஏற்ற மாதிரி மூன்று கால அட்டவணை போடுங்கள். ஒன்றே ஒன்று போட்டால் முதல் நைட் டியூட்டியிலேயே குலைந்துவிடும்.

2. காலை டியூட்டி வாரத்தில் மாலை இயற்பியல், வேதியியல். மதிய டியூட்டி வாரத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பின் கிடைக்கும் காலை நேரம் தங்கம்; கடினமான பாடத்தை அங்கே வையுங்கள். நைட் வாரத்தில் புதிய பாடம் வேண்டாம். பழைய கேள்விகளைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

3. வாரத்துக்கு ஒரு முழு மாதிரித் தேர்வு, அதே மூன்று மணி நேரம், எழுந்திருக்காமல். ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்பிப் பழகுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கைவந்த பழக்கம், உங்களுக்கு விட்டுப்போயிருக்கும்.

4. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் நர்சிங் படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் பல கலைச்சொற்கள் உங்களுக்கு ஆங்கிலத்திலேயே பழகியிருக்கும். இரு மொழியிலும் ஒரு பழைய தாள் எழுதிப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தில் மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

எச்சரிக்கை: நைட் டியூட்டி முடித்து நேராக வகுப்புக்குப் போகாதீர்கள். தூங்காமல் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். டியூட்டி நேரத்தில் ஒளித்து வைத்துப் படிப்பதும் வேண்டாம். இன்சுலின் அளவிலோ இரத்தப் பையின் எண்ணிலோ ஒரு பிழை நேர்ந்தால், நோயாளியின் உயிரோடு உங்கள் பதிவும் போய்விடும். தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். ஒரு வருஷம் முழுக்க வேலையை விடுவதைவிட இது மேலான ஏற்பாடு.

படி 7: தேர்வு நாளும் கலந்தாய்வும்

தேர்வு வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில், ஞாயிறு மதியம் நடக்கும். அரைக்கை உடையும் செருப்பும் அணிந்து, நகையில்லாமல் போங்கள். தாலி, மெட்டி போட்டிருப்பவர்கள் சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தையோடு காத்திருக்க ஒருவரை மையத்துக்கு அருகில் இருத்திவிட்டுப் போகவும். வாயில் மூடிய பிறகு தேர்வு முடியும்வரை வெளியே வர முடியாது.

தமிழ்நாட்டு இடங்களுக்கு மாநிலத் தேர்வுக்குழுவிலும், அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மத்தியக் கலந்தாய்விலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நீட் எழுதிவிட்டால் தானாக வந்துவிடும் என்று காத்திருந்து தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது பதினேழு வயதுப் பிள்ளைகள் செய்வதைச் செய்யாதீர்கள். அவர்கள் சென்னையில் உள்ள பழைய கல்லூரிகளை மேலே போடுவார்கள். நீங்கள் அம்மா வீட்டிலிருந்து தூரத்தைப் பார்த்துப் போடுங்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன: விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. இவற்றில் ஒன்று உங்கள் உறவுக்காரர் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால், புகழ்பெற்ற கல்லூரியைவிட அதுவே உங்களுக்கு நல்ல கல்லூரி. பட்டம் ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டம்தான்.

நீலகிரி கிடைத்து வீடு தூத்துக்குடியில் என்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்பதைக் கலந்தாய்வுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். இடம் ஒதுக்கிய பிறகு முடிவெடுக்கக் கிடைப்பது சில நாட்கள்தான்.

ஏஜெண்டுகள் சொல்வது

“நர்சிங் முடிச்சவங்களுக்கு வெளிநாட்டுல மூணு வருஷத்துல எம்.பி.பி.எஸ்., நீட்டே வேண்டாம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டில் படித்து இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய 2021ன் விதிகள் கேட்பவை: நீட் தகுதி, ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, இங்கே திரும்பி வந்து தகுதித் தேர்வு. நர்சிங் பட்டத்தை முன்படிப்பாக ஏற்றுக்கொண்டு நாலு ஆண்டில் முடித்துத் தரும் நாடுகள் உண்டு. அந்தப் பட்டம் அந்த நாட்டில் செல்லும். 54 மாதத்துக்குக் குறைந்தால் இங்கே சிக்கல்.

ஏற்கெனவே பிரிட்டனில் பணிபுரியும் நர்ஸ்களின் நிலை வேறு. அங்கே பட்டதாரிகளுக்கான நாலாண்டு மருத்துவப் படிப்பு உண்டு. சில பல்கலைக்கழகங்கள் நர்சிங் பட்டத்தை ஏற்கின்றன. நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி வந்த பிறகு விண்ணப்பித்தால் கட்டணம் பெருமளவு குறையும். அமெரிக்காவில் இருப்பவர்கள் எம்.கேட். தேர்வோடு, வேதியியல், இயற்பியல் பாடங்களை அங்குள்ள கல்லூரியிலேயே படிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் இந்தியப் பட்டத்தை மட்டும் வைத்து ஏற்பதில்லை.

எத்தனை முறை எழுதலாம்?

விதிப்படி வரம்பில்லை. வீட்டுப்படி உண்டு. முழு முயற்சியாக இரண்டு முறை எழுதுங்கள். இரண்டாவதிலும் இட மதிப்பெண்ணுக்கு நூறுக்கு மேல் குறைவாக இருந்தால் நிறுத்திவிடுவது நல்லது. அதே நீட் மதிப்பெண்ணில் சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி படிப்புகளுக்கும் விண்ணப்பிக்கலாம்; அவையும் ஐந்தரை ஆண்டுதான் என்பதால் ஆறுதலுக்காக மட்டும் சேர வேண்டாம். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து கூடுதல் பொறுப்போடு பணிபுரிய வேண்டும் என்பதுதான் விருப்பம் என்றால், தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கானது. ஜி.என்.எம். படித்தவர்களுக்கு இரண்டாண்டுப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது.

எந்த வழியில் போனாலும், எம்.பி.பி.எஸ். இடமே கிடைத்துவிட்டாலும், நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். புதுப்பிக்கும் தேதியை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். பாதியில் எது நின்றாலும் அடுத்த மாதம் சம்பளம் கொண்டுவரப்போவது அந்தப் பதிவுதான்.